புறப்பாட நடவடிக்கை

மலேசியப் பள்ளிகளில் வகுப்புப் பாடத்துக்கு வெளியே, குழுவாக இயங்கவும் பிணக்குகளைப் பேசித் தீர்க்கவும் மாணவரைப் பழக்கும் கல்விக் கூறு. மலாயில் கோகுரிக்குலம். பெயரில் 'புறம்' இருந்தாலும் கலைத்திட்டத்தின் பகுதியே. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என மூவகைப்படும். பேராக்கின் முவாலிம் மாவட்டத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிலிம் ரிவர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதுவே முறை.

சீருடை இயக்கங்களுள் சாரணர் இயக்கம் பழையது. மலாயாவில் 1908இல் தோன்றியது. அதன் அணி முறையில் ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. கூடாரம் போடும்போது ஒருவர் கம்பம் பிடிப்பார், ஒருவர் முளையடிப்பார், மற்றவர்கள் கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். ஒரு கயிறு தளர்ந்தாலும் துணி தொய்யும். யார் தவறு என்ற வாக்குவாதத்தை முதலில் கேட்பவர் அணித் தலைவர். ஆசிரியர் உடனே தலையிடுவதில்லை. அங்கும் தீராதவை அணித் தலைவர்கள் கூடும் மன்றத்துக்குப் போகும்.