பொலிகாளையும் பால் ஏடும்: மாட்டுப்பட்டியில் சான்றுமுறையின் வரலாறு

மூணாற்றுக்கு அருகே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்த மாட்டுப்பட்டி இடுக்கி மாவட்டத்தைச் சார்ந்தது. மலையாளத்தில் 'மாட்டுப்பெட்டி' என எழுதப்படினும், ஆநிரை அடைக்கும் இடத்தைக் குறிக்கும் 'பட்டி' என்னும் சொல்லே அதன் ஈற்றில் நிற்கிறது எனக் கொள்வது பொருந்தும். இங்கு 1963 இல் இந்திய-சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பிரவுன் சுவிஸ் காளைகளைக் கேரள நாட்டுப் பசுக்களோடு கலந்து உருவாக்கிய கறவையினம் பின்னர்ச் 'சுனந்தினி' எனப் பெயர் பெற்றது. பால் பெருகியமை பலரும் எழுதிய செய்தி. மாட்டின் தகுதிக்கு எது சான்று என்னும் வினாவுக்கு இத்திட்டம் வேறொரு விடை தந்தமை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து பாலக்காடு வழியே கேரளம் செல்லும் மாடுகளுக்கு விலை பேசுவோர் சுழி, பல், மடி, நடை ஆகியவற்றைப் பார்ப்பர். பல்லும் மடியும் வயதையும் கறவையையும் ஓரளவு காட்டுவன, சுழி அத்தகையதன்று. விற்பவர் 'நாலு படி கறக்கும்' என்பார். 'கறக்கும்' என்னும் வினைமுற்று வழக்கத்தையும் வாக்குறுதியையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. பால் ஏட்டிற்கு வேண்டுவது 'கறந்தது' என்னும் இறந்தகாலம்: எந்நாள், எவ்வேளை, எத்தனை கிலோ, எத்தனையாம் ஈற்று. ஒரு துறையின் அறிவுமுறை மாறுவதை வினைமுற்றின் காலமே காட்டிவிடுகிறது.

பசுவுக்கேனும் பால் உண்டு. பொலிகாளைக்கு அதுவும் இல்லை. 'பாலைப் பார்த்துப் பசுவைக் கொள்' என்னும் பழமொழி காளைக்கு நேரே உதவாது. மகள்களின் பாலைக் கொண்டு தந்தையை மதிப்பிடுவதே சந்ததிச் சோதனை. கன்று பிறக்க ஒன்பது மாதத்திற்குச் சற்று மேலாகும். அது கிடேரியாக வளர்ந்து கன்றீன ஏறத்தாழ மூன்றாண்டு. ஒரு கறவைக்காலத்தின் கணக்கு 305 நாள். முடிவு தெரியும் வரை காளையின் விந்து திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் காத்துக் கிடக்கும். நன்றாகக் கறக்கும் மகள் ஒருத்தி இருப்பது மட்டும் சான்றாகாது; அவள் நல்ல தீனி கிடைத்த வீட்டில் வளர்ந்திருக்கலாம். எனவே அதே காலத்தில், அதே பகுதியில் கறக்கும் பிற காளைகளின் மகள்களோடு அவளை ஒப்பிடல் வேண்டும். இத்தகைய ஒப்பீட்டை 1954 இல் பிரிட்டனில் ராபர்ட்சனும் ரெண்டலும் வகுத்தளித்தனர். அங்குப் பெரிய மந்தைகள் இருந்தன. கேரளத்திலோ ஒன்றிரண்டு மாடுகள் உள்ள வீடுகளே மிகுதி. ஆதலின் பால் அளப்போர் திங்கள்தோறும் வீடு வீடாகச் செல்ல நேர்ந்தது. 1970களின் நடுவில் இப்பணியை ஏற்ற கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் பாலக்காட்டுத் தோணியிலும் பொலிகாளை நிலையம் நடத்தி வருகிறது.

'சான்று அடிப்படையிலான மருத்துவம்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைக் கனடாவின் கார்டன் கயாட் 1991 இல் அச்சேற்றினார். கால்நடை மருத்துவம் அதனைப் பிற்பாடே ஏற்றது. பெயருக்கு முன்பே செயல் இருந்தது என்பதற்கு மாட்டுப்பட்டி ஓர் எடுத்துக்காட்டு. எல்லைப்பகுதி மொழிபெயர்ப்பாளருக்கு இங்கு ஓர் இடர் உண்டு. மலையாளத்தில் சான்று என்பது 'தெளிவு'. தமிழில் தெளிவு என்பது ஐயம் நீங்கிய நிலை. சான்று முன்னது, தெளிவு பின்னது. சான்று கிடைத்தும் தெளிவு பிறவாத நிலை ஆய்வில் இயல்பாதலின், ஒன்றற்கு மற்றொன்றை இட்டால் பொருள் கெடும்.

பால் அளவை முதன்மையாகக் கொண்ட ஏடு, குறைந்த தீனியில் மலைச்சரிவில் மேய்ந்து பிழைக்கும் நாட்டு மாட்டின் திறனை அளக்க அமைந்ததன்று. 1961 ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் பெறாத நாட்டுக் காளைகளைக் காயடிக்க வழிசெய்தது. அளக்கப்படாதது பயனற்றதாகக் கருதப்பட்டது எனலாம். விளைவாகக் கோட்டயம் மாவட்டத்து வெச்சூர்க் குட்டைப் பசு அருகி, அழிவின் விளிம்பை அடைந்தது. 1989 இல் மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப் தம் மாணவர்களுடன் ஊர் ஊராகத் தேடி எஞ்சியவற்றைத் திரட்டினார். மாட்டுப்பட்டியில் காளைக்குச் செய்ததைப் போன்றே, அப்பசுக்களுக்கும் எடை, தீனி, பால் ஆகியவற்றைக் குறிக்கும் ஏடுகள் அதன் பின்னரே திறக்கப்பெற்றன. மாட்டுப்பட்டிக்குக் கிழக்கே, தமிழ் வழங்கும் வட்டவடையிலும் ஒரு குட்டை மாட்டு வகை உண்டு.