தீவன மூட்டையிலிருந்து கவுன் வரை: அமெரிக்கப் பண்ணைப் பெண்களின் தையலும் மூட்டை ஆலைகளும்

1930களின் பொருளாதார மந்தத்தைப் பற்றி எழுதுவோர், மாவு மூட்டையைப் பிரித்துத் தைத்த கவுனை வறுமையின் அடையாளமாகக் காட்டுவது வழக்கம். அந்தச் சித்திரம் பாதிதான் சரி. தூக்கியெறிய வேண்டிய துணியைப் பெண்கள் சிக்கனமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது ஏறக்குறைய 1920களின் நடுப்பகுதி வரைக்கும் பொருந்தும். அதன்பிறகு, மூட்டை எப்படியும் கத்தரிக்கோலுக்குத்தான் போகப்போகிறது என்று தெரிந்தே ஆலைகள் அதற்கான துணியைத் தேர்ந்தெடுத்தன. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் மாவு மரப் பீப்பாயில்தான் போயிற்று. ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு. கையால் தைத்த துணிப்பை அத்தனை பாரத்தைத் தாங்காது, மூட்டுவாய் பிரிந்துவிடும். 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற பூட்டுத்தையல் இயந்திரமும், அதைத் தொடர்ந்து வந்த பிற இயந்திரங்களும் அந்தக் குறையைத் தீர்த்தன. 1858இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜட்சன் பெமிஸ் தொடங்கிய பை நிறுவனம் இயந்திரத் தையலை நம்பியே வளர்ந்தது. பீப்பாய் ஒழிந்தபிறகும் அதன் கணக்கு ஒழியவில்லை: 98, 49 என்று அரையும் காலுமாகவே நெடுநாள் மூட்டை கட்டினார்கள். ஆலையில் மூட்டையைத் தைக்க உதவிய அதே இயந்திரம், வீட்டுக்கு வந்தபோது அந்த மூட்டையை உடுப்பாக மாற்றியது. தவணை முறையில் விற்பதை சிங்கர் நிறுவனம் 1856லேயே தொடங்கியிருந்ததால், கையில் ரொக்கம் இல்லாத வீடுகளுக்கும் தையல் இயந்திரம் எட்டியது.

முதற்கட்டத்து மூட்டைத்துணி வெளுக்காத முரட்டுப் பருத்தி. அதைத் துணியாக மீட்பதற்குள் உயிர் போய்விடும். மூட்டையின் வாய் சங்கிலித்தையலால் மூடப்பட்டிருக்கும். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் ஒரே ஓட்டமாக உருவிக்கொண்டு வரும். தப்பான முனையை இழுத்தால் முடிச்சு விழும். உருவிய நூலையும் யாரும் எறியவில்லை. பந்தாகச் சுற்றிவைத்துப் போர்வைக்கு ஒட்டுத்தையல் போட்டார்கள், குரோஷே ஊசியால் லேஸ் கரை பின்னினார்கள். பெரிய தொல்லை, துணிமேல் அச்சிட்ட ஆலையின் பெயர்தான். பன்றிக்கொழுப்பையோ மண்ணெண்ணெயையோ தடவி இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் காரச் சோப்புப் போட்டு இரும்பு அண்டாவில் கொதிக்கவைத்துக் கசக்குவார்கள். அப்படியும் மை முழுதாகப் போகாது. பிள்ளைகளின் உள்ளாடையில் மாவுக் கம்பெனியின் பெயர் தெரிந்த கேலிக்கதைகள் தெற்கு மாநிலங்களில் எத்தனையோ உண்டு.

கருவிகளும் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றியவைதாம். 1930களின் நடுவில் பத்தில் ஒரு பண்ணைக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஆகவே காலால் மிதிக்கும் இயந்திரமும் விறகடுப்பில் காயவைத்த இஸ்திரிப் பெட்டியும். அளவு வெட்ட பழைய செய்தித்தாள். பித்தான், கொக்கி எல்லாம் கிழிந்துபோன உடுப்புகளிலிருந்து கழற்றியவை.

திருப்பம் 1924இல் வந்தது. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஆசா பேல்ஸ், உள்ளிருக்கும் சரக்கு தீர்ந்தபின் உடுப்புத் தைக்க ஏற்ற துணியால் ஆன மூட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அந்த உரிமை செயின்ட் லூயிஸின் ஜார்ஜ் பிளான்ட் மாவாலைக்குப் போய், 1925 வாக்கில் ‘கிங்ஹாம் கேர்ள்’ மாவு கட்டம்போட்ட துணியில் கடைக்கு வந்தது. தாராள மனதால் நடந்ததல்ல இது. ஒருபக்கம் மலிவான காகிதப் பை நெருக்கியது. மறுபக்கம், பின்னர் மந்தம் வந்தபோது, 1929இல் பவுண்டுக்கு 17 சென்ட் அளவில் இருந்த பருத்தி விலை 1931–32இல் 6 சென்ட் அளவுக்குச் சரிந்தது. விற்க வழியில்லாத பருத்தியைத் தள்ளிவிட மூட்டை ஒரு வாசல். பெர்சி கென்ட், பெமிஸ் போன்ற நிறுவனங்கள் பூப்போட்டும் கோடுபோட்டும் துணி அச்சிட ஓவியர்களை அமர்த்தின. பெயரைத் தண்ணீரில் கரையும் மையால் அச்சிட்டார்கள், அல்லது ஊறவைத்தால் உரிந்துவரும் காகிதத்தில் ஒட்டினார்கள். பை உற்பத்தியாளர் சங்கம் தையல் கையேடுகளை வெளியிட்டது. கடைசியில் வெட்டுக்கோடு அச்சிட்ட மூட்டைகள்கூட வந்தன: வெட்டித் தைத்தால் பொம்மை, ஏப்ரன்.

இதில் கவனிக்கவேண்டியது வாங்கும் முடிவு யார் கையில் இருந்தது என்பது. 100 பவுண்டுத் தீவன மூட்டையைப் பிரித்தால் ஏறத்தாழ 36 அங்குல அகலமும் 42 அங்குல நீளமும் தேறும். ஒரு கெஜத்துக்குச் சற்று மேல். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு கவுன் என்றால் ஒரே அச்சில் மூன்று மூட்டையாவது வேண்டும். ஆகவே தீவனம் வாங்கக் கடைக்குப் போகும் கணவனிடம் துணுக்குத் துணி கொடுத்தனுப்பினார்கள். அடுக்கின் அடியில் கிடக்கும் மூட்டைதான் வேண்டும் என்றால் கடைக்காரன் மேலே இருப்பதையெல்லாம் இறக்கவேண்டும். ஜோடி சேராதவற்றை அண்டைவீட்டாரோடு மாற்றிக்கொண்டார்கள். லூ ஆன் ஜோன்ஸ் 2002இல் வெளியிட்ட தென்மாநிலப் பண்ணைப் பெண்கள் பற்றிய நூலில், கோழியும் முட்டையும் விற்ற காசு இவர்களுக்குக் கொடுத்த பேரம்பேசும் வலுவை வாய்மொழிச் சான்றுகளோடு விளக்குகிறார். கோழித்தீவனம் எந்தக் கம்பெனியுடையது என்பதைத் தீவனத்தின் தரம் மட்டும் தீர்மானிக்கவில்லை. என் பார்வையில் ‘சிக்கனம்’ என்ற ஒற்றைச் சொல் இந்தப் பேரத்தை மறைத்துவிடுகிறது.

இரண்டாம் உலகப்போர் மூட்டைத்துணியின் உச்சகாலம். அதில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு: அமெரிக்கா பயன்படுத்திய சணல் சாக்குத்துணியின் பெரும்பகுதி கல்கத்தா ஆலைகளிலிருந்து கப்பலேறியது. பசிபிக் போரால் அந்த வரத்து தட்டுப்பட்டதும் அதன் இடத்தைப் பருத்தி மூட்டை பிடித்தது. 1942இன் எல்-85 ஆணை பெண்கள் உடையில் எவ்வளவு துணி செலவிடலாம் என்று கட்டுப்படுத்தியது; மூட்டைத்துணியோ தொழிற்பயன் என்ற கணக்கில் தப்பித்தது. அந்த ஆண்டில் 30 லட்சம் பெண்களும் குழந்தைகளும் மூட்டைத்துணி உடுத்தினர் என்ற கணிப்பு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. போர்க்காலத்தில் மூட்டைகள் 2, 5, 10, 25, 50, 100 பவுண்டு என்று ஒழுங்குபடுத்தப்பட்டன. பீப்பாய்க் கணக்கு அத்தோடு போயிற்று.

போர் முடிந்தபின் பல அடுக்குக் காகிதப் பை விலையில் வென்றது. பருத்திக் கழகம் விடவில்லை. மூட்டைத் தையல் போட்டிகளை ஊர்ச் சந்தைகளில் நடத்தியது. 1959இல் கன்சாஸின் கால்டுவெல் ஊர்ப் பெண் ஒருவர் அப்படியொரு போட்டிக்குத் தைத்த உடை இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கத்தின் வேரை அறுத்தது காகிதம் மட்டுமல்ல. கோழி வளர்ப்பு பெருங்கம்பெனிகளின் ஒப்பந்தத் தொழிலாக மாறியது; குஞ்சும் தீவனமும் கம்பெனியே கொடுத்தது, தீவனம் லாரியில் வந்து தொட்டியில் கொட்டப்பட்டது. முட்டைக்காசு போனபோது, எந்தத் தீவனம் வாங்குவது என்று சொல்லும் உரிமையும் பெண்கள் கையைவிட்டுப் போனது.