அருவியில் யார் குளித்தது?

குற்றாலம் என்றதும் சாரலையும் குரங்கையும் எழுதுவார்கள். அந்தத் தண்ணீரில் யார் தலையை நனைக்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்று கேட்பதில்லை. நான் அதைக் கேட்கிறேன்.

சித்தாறு திரிகூட மலையில் பிறந்து தேனருவி, செண்பகாதேவி அருவி என்று இறங்கி, பேரருவியாக விழுகிறது. நடுப்பாறையில் பொங்குமாக்கடல் என்று ஒரு ஆழமான பள்ளம். தண்ணீர் அதில் விழுந்து, நிரம்பி, பொங்கித்தான் கீழே வருகிறது. பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் மனுசன் அடியில் நிற்க முடிகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டுவரும். அதுதான் சீசன். அதன்பின் ஆறு தென்காசி வழியாக ஓடி, வழியெல்லாம் குளங்களை நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது.

அந்தக் குளத்துப் பாசனத்தில் நாற்று நட்டதும் அறுத்ததும் எங்க சனம். ஆற்றோடு எங்களுக்கு இருந்தது வேலை உறவு. சந்தோஷ உறவு இல்லை. எங்க தாத்தா சொல்லுவார்: "ஆத்துல மாட்டக் குளுப்பாட்டுனோம்லே, அருவிப் பக்கம் போவ விடல."

பேரருவியை ஒட்டியே குற்றாலநாதர் கோயில். கோயிலுக்கு ஆகாதவன் அருவிக்கும் ஆகாதவனானான். 1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாக வந்த காந்தி, தாழ்த்தப்பட்டவர்களுக்கு இங்கே குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்து, குளிக்காமலே திரும்பினார். இதை அவர் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இது தடைக்கான சாட்சியம். பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். பத்து வருசம் கழித்தும் அந்தக் காகிதம் அருவி வரை ஏறி வரவில்லை.

1927 மார்ச் 20இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் மனமிரங்குகிறவன்கூட, சும்மா சந்தோஷத்துக்குக் குளிக்கணும் என்றால் முகம் சுளிப்பான். உழைக்கிற உடம்புக்குச் சோறு போதும், சுகம் எதற்கு என்பதுதான் சாதியின் கணக்கு. அதனால்தான் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளத்தோடு 'குளிக்கும் துறைகள்', 'பொதுமக்கள் கூடும் இடங்கள்' என்ற சொற்களும் இருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். அது தாகத்தோடு நிற்காமல் சந்தோஷத்தையும் உரிமையாக்கிய வரி.

இன்று அருவியடியில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. சரி. ஆனால் சீசன் கூட்டம் விட்டுப்போகிற குப்பையையும் மலத்தையும் அள்ளுவது யார் கை? அதையும் பார்த்துவிட்டுத்தான் சமத்துவம் பேச வேண்டும்.

கோயிலுக்குள் நுழைந்த கதைக்கு, 1939 என்று ஆண்டு சொல்லப் புத்தகம் இருக்கிறது. அருவிக்குள் நுழைந்த கதைக்கு நம் கிழவிகள்தான் புத்தகம். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்துத் தோழர்களே, வீட்டில் கேளுங்க: "ஆச்சி, நீ மொதமொதல்ல எப்ப அருவியில குளிச்ச? யாரு கூடப் போன?" சொல்வதை அப்படியே எழுதுங்க. அவங்க போய்ட்டா, காந்தி குளிக்காத கதை மட்டுந்தான் மிஞ்சும்.