பார்க்காமல் ஆடும் பலகை

மலாய் மக்களின் பழைய வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'வில் ஒரு சதுரங்க வீரர் வருகிறார். பாசாயிலிருந்து மலாக்காவுக்கு வந்த துன் பஹாரா. அந்தக் காலத்தில் அவருக்கு ஈடாகக் காய் நகர்த்த ஆளில்லை என்கிறது நூல். குஜராத்திகளும் தமிழ் வணிகர்களும் கூடிய துறைமுகத்தில் இந்தியாவில் பிறந்த இந்த ஆட்டம் அப்போதே வேரூன்றியிருந்தது.

ஆட்டத்தில் ஊறியவர்களுக்குப் பலகையே வேண்டாம் என்பதும் பழைய செய்திதான். 7ஆம் நூற்றாண்டில் பிறந்த அரபு அறிஞர் சயீத் பின் ஜுபைர் பலகைக்கு முதுகைக் காட்டி ஆடியதாகச் சொல்வார்கள். பிரெஞ்சு வீரர் பிலிடோர் 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் அப்படி ஆடியபோது ஊரே வியந்தது. போலந்தில் பிறந்த மிகெல் நஜ்டோர்ஃப் 1947-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 45 பேரோடு ஒரே நேரத்தில், எந்தப் பலகையையும் பார்க்காமல் மோதினார்.

தமிழரும் இப்படி எல்லாவற்றையும் மனத்திலேயே நிறுத்தும் திறமையைப் போற்றி வளர்த்தவர்கள்தாம். நம்மிடம் அதற்கு அவதானம் என்று பெயர். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் கணக்குப் போடுவார். வேறொருவர் முதுகில் கல்லை எறிந்துகொண்டே இருப்பார், அதை எண்ண வேண்டும். நடுவே ஒருவர் சதுரங்கத்துக்கு அழைப்பார். இப்படி எட்டு வேலைகளைச் சிதறாமல் கவனிப்பவர் அட்டாவதானி, நூற்றைக் கவனிப்பவர் சதாவதானி. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் அறிஞர்கள் முன்னிலையில் சதாவதானம் செய்து காட்டினார்.

அந்த அரங்குகள் ஓய்ந்துபோன காலத்தில், ஐரோப்பாவில் வேறொரு அரங்கு திறந்தது.

நெதர்லாந்துச் செல்வந்தர் யோப் வான் ஊஸ்டரோம் தம் மகள் மெலடி ஆம்பரின் பெயரில் 1992-ல் ஒரு போட்டியைத் தொடங்கினார். முதல் ஆண்டு விரைவுச் சதுரங்கம் மட்டும்; அடுத்த ஆண்டு முதல் கண்கட்டி ஆட்டமும் சேர்ந்தது. பிற்காலத்தில் 12 பேர் ஆடினார்கள். ஒரே எதிராளியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்: ஒன்று பலகையைப் பார்த்து, மற்றொன்று பார்க்காமல். இரண்டுக்கும் ஆளுக்கு 25 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடிகள் கூடுதலும் உண்டு. கண்ணை உண்மையில் கட்டுவதில்லை. கணினித் திரையில் காய்களே இல்லாத வெறும் கட்டங்கள் தெரியும். எதிராளி கடைசியாக என்ன நகர்த்தினார் என்பது மட்டும் எழுத்தில் வரும். 32 காய்களும் மனத்துக்குள் நிற்க வேண்டும். உலகின் முதல் வரிசை வீரர்களே இங்கே எளிய தவறுகளில் காய்களை இழந்ததுண்டு.

மொனாக்கோவிலும் நீஸிலும் நடந்த இந்தப் போட்டி 2011-ல் முடிவுக்கு வந்தது. அதன் மொத்தப் பட்டத்தை விஸ்வநாதன் ஆனந்த் 1994, 1997, 2003, 2005 ஆகிய ஆண்டுகளில் தனியாக வென்றார். 2006-ல் ரஷ்யாவின் மொரோசெவிச்சுடன் பகிர்ந்துகொண்டார். கிராம்னிக், டோபலோவ், இவான்சுக் போன்ற முன்னணி வீரர்கள் ஆடிய களம் அது. அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்று, சென்னையின் டால் சதுரங்கக் கழகத்தில் வேக ஆட்டங்களில் உருவான பையன் ஆனந்த். வென்றவர் நாற்காலியை விட்டு எழ வேண்டாம் என்பது அங்கே வழக்கம். அந்த வேகம் வயதானாலும் குறையவில்லை: 2017-ல், 48 வயதில், ரியாத்தில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தையும் வென்றார்.

அவர் போட்ட பாதையில் வந்த சென்னையின் குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். மலாக்காவின் ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊரில் அது நடந்தது.

மலாக்காவின் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பலகையைப் பார்க்காமல் ஆடும் பயிற்சியைத் தொடங்கப் பெரிய செலவில்லை. இ4 என்ன நிறக் கட்டம், ஜி1-இல் நிற்கும் குதிரை எங்கெல்லாம் தாவும் என்று பலகையை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்கலாம். பிறகு நாலு நகர்வு, பத்து நகர்வு என்று நீட்டலாம். ஆசிரியர்களும் பெற்றோரும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்க வேண்டும்.