பச்சிலை தேடிப் போனவர்கள்

மூலிகையும் வைத்தியமும் தேடிக் கூட்டமாக அடுத்த நாட்டுக்கும் அடுத்தவர் மலைக்கும் போனவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஃப்ரிபூர்க்கிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தக் கன்டோனில் தீச்சுட்டுக்கொண்டால், கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டே இன்னொருவருக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கம் பேசுபவர் டாக்டர் இல்லை. மாடு வளர்க்கும் விவசாயியாக இருக்கலாம், ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருக்கலாம். பெயரைக் கேட்பார், காயம் எங்கே என்று கேட்பார், தொலைபேசியை வைத்துவிட்டு ஒரு சிறு ஜெபத்தை மனதுக்குள் சொல்வார். இதற்குப் பிரெஞ்சில் 'செக்ரெ' என்றே பெயர். இரகசியம். கூலி கேட்க மாட்டார். ஜெபத்தின் சொற்களை யாருக்கும் சொல்ல மாட்டார். தாம் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு மட்டும் கையளிப்பார். ஃப்ரிபூர்க், ஜூரா பகுதிகளின் இந்த வழக்கத்தை சுவிஸ் அரசு தன் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இங்குள்ள சில மருத்துவமனைகளில் இவர்களின் எண்கள் எழுதிய தாளும் இருக்கும்.

இதைக் கேட்டதும் நமக்கு ஊர் ஞாபகம் வருகிறது இல்லையா? பார்வை பார்க்கிற பாட்டி, தேள்கடிக்கு வேப்பிலையால் தடவி மந்திரிக்கிறவர், வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயை இறுக்கிக்கொண்ட பரியாரியார். இந்த ஜெபம் வேலை செய்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். தீக்காயத்துக்கு நான் டாக்டரிடம்தான் போவேன். ஆனால் தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை ஒரு நவீன அரசு மதிக்கிறதே, அதுதான் எனக்கு வியப்பு. ஏனென்றால் மூலிகைப் பயணங்களின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. அது அடுத்தவரைச் சொல்ல வைத்த வரலாறு.

இதே நாட்டில் சூரிக் நகர மருத்துவர் கொன்ராட் கெஸ்னர் 1555இல் நண்பர்களோடு பிலாட்டுஸ் மலை ஏறினார். அந்த மலைக் குளத்தில் பிலாத்துவின் ஆவி கிடக்கிறது, கலைத்தால் புயல் வரும் என்று பயந்த காலம். ஏறுவதற்கு லூசெர்ன் நகரத்தாரின் அனுமதி வேண்டும். 1728இல் பெர்ன் நகரத்து ஆல்பிரெக்ட் ஃபன் ஹாலரும் அவருடைய தோழர் யோகான்னஸ் கெஸ்னரும் ஆல்ப்ஸ் மலைகளில் செடி சேகரித்துக்கொண்டு நடந்தார்கள். இப்படி நடந்து படிப்பதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஜென்ஷியன் என்ற கசப்பு வேர் வயிற்றுக்கு மருந்து. அதே புல்வெளியில், பூக்காத பருவத்தில் அதைப் போலவே தோற்றம் காட்டும் வெராட்ரம் கொடிய விஷம். ஜென்ஷியனின் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், வெராட்ரத்தின் இலைகள் மாறி மாறி இருக்கும். இதைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்தவர் ஒருவர் மலையிலேயே விரலால் தொட்டுக் காட்டினால் உயிருக்கு உத்தரவாதம். நம் வைத்தியர்கள் சீடர்களைக் கொல்லிமலைக்கும் சதுரகிரிக்கும் கூட்டிப்போனதும் இதற்காகத்தான்.

ஸ்வீடனில் லின்னேயஸ் மாணவர்களைப் படையைப் போல அணிவகுத்துச் செடி பார்க்க அழைத்துப்போவார். அவரிடம் படித்த யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் வந்து இறங்கிய இடம் நம் தரங்கம்பாடி. டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்தவர் அவர். தரங்கம்பாடிக்கு அதற்கு முன்பே இந்தப் பழக்கம் உண்டு. 1711இலேயே க்ருண்ட்லர் என்ற பாதிரியார் தமிழ் மருத்துவ ஏடுகளைக் கொண்டு 'மலபார் மருத்துவர்' என்ற பொருளில் தலைப்பிட்டு ஜெர்மனில் ஒரு நூல் எழுதியிருந்தார். அன்றைக்கு அவர்கள் வாயில் தமிழனும் 'மலபாரி'தான். கோனிக்கைச் சுற்றி ஒரு குழு சேர்ந்தது: ஜான், க்ளைன், ஹைன, ராட்லர். ஒருவர் எடுத்ததை மற்றவருக்கும் கொடுத்து, உலர்த்திய செடிகளை ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அங்கிருந்த அறிஞர்கள் அவற்றுக்கு லத்தீன் பெயர் சூட்டினார்கள்.

ராட்லரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1776இல் வந்தவர், 1836இல் சென்னையில் இறக்கும்வரை அறுபது ஆண்டுகள் இங்கேயே இருந்தார். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தார். அவருடைய செடித் தொகுப்பு இப்போது லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. கபிலப்பொடி மரத்துக்கு ராக்ஸ்பரோ அவர் பெயரையே வைத்தார். பிறகு வந்த வகைப்பாட்டில் அந்தப் பெயரும் போய்விட்டது. அவர் பெயராவது ஒரு காலம் இருந்தது. இந்தச் செடி இன்ன நோய்க்கு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சோழமண்டலக் கரை வைத்தியர்களின் பெயர் எந்தச் செடியிலும் ஒட்டவில்லை. வைத்தியரின் பெயரை எழுதக்கூடாது என்று காலத்தின் வழக்கம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வந்த 'ஹோர்டுஸ் மலபாரிகுஸ்' நூலில் டச்சு ஆளுநர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் மூன்று கொங்கணி வைத்தியர்களையும் பெயர் சொல்லி, அவர்களின் சான்றுரையோடு அச்சிட்டிருக்கிறார். மனம் இருந்தவர் எழுதினார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அகத்தியமலைக்கு ஏறியது. அகத்தியர் இருந்த பொதிகை என்று நாம் கும்பிடும் அதே மலை. ஏறியவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டி வந்த காணிகள் மட்டும் ஏதோ சின்னக் காயைக் கடித்துக்கொண்டு களைப்பே தெரியாமல் நடந்தார்கள். என்ன அது என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாதது அது. ஃப்ரிபூர்க் விவசாயியின் ஜெபத்தைப் போலத்தான். பிறகு காட்டிக்கொடுத்தார்கள்: ஆரோக்கியப்பச்சை. அறிவியல் பெயரில் 'ஸெய்லானிகுஸ்', இலங்கைக்குரியது, என்ற சொல்லும் இருக்கிறது.

அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. தயாரிக்கும் உரிமையைக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி பெற்றது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். இதில் பாதி காணிகளுக்கு. 1997இல் காணிகளுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுவதும் இதை முன்மாதிரி என்று எடுத்துக்காட்டினார்கள். ஆனால் காணிகள் ஒரே கூட்டம் இல்லை. மலை மலையாகப் பிரிந்து வாழ்கிறவர்கள். நம் மருந்தை விற்க இவர்கள் யார் என்று அவர்களின் வைத்தியர்களான பிலாத்திகள் சிலர் எதிர்த்தார்கள். இலை பறிக்க வனத்துறை தடை சொன்னது. ஒருவர் சொன்னால் ஊரே சொன்னதாகுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அனுமதி பெற்று, பலனைப் பங்கிட்டு எடுக்க வேண்டும் என்று உலக நாடுகள் நகோயாவில் ஒப்புக்கொண்டது 2010இல்தான். சுவிட்சர்லாந்தும் அதில் சேர்ந்திருக்கிறது.

திரும்ப இந்த நாட்டுக்கு வருகிறேன். 2009 மே 17 அன்று சுவிஸ் மக்கள் 67 சதவீத வாக்கில் மாற்று மருத்துவத்துக்கு அரசியல் சாசனத்தில் இடம் கொடுத்தார்கள். 2015 முதல் இயற்கை மருத்துவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் பட்டயம் இருக்கிறது. அதில் நான்கு துறைகள்: சீன மருத்துவம், ஹோமியோபதி, ஐரோப்பிய மரபு மருத்துவம், ஆயுர்வேதம். சித்தம் இல்லை. இத்தனைக்கும் இந்த நாட்டில் நாம் பல்லாயிரம் பேர் இருக்கிறோம். யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவ நூலான பரராசசேகரம் நம்மிடம் இருக்கிறது. ஆயுர்வேதத்தைப் படிக்கக் கேரளத்துக்கும் தென்னிலங்கைக்கும் இங்கிருந்து குழு குழுவாகப் போகிறார்கள். கைதடிக்கோ பாளையங்கோட்டைக்கோ போவோர் அரிது. இதற்கு மற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஏடுகளில் எத்தனையை நாமே திறந்து பார்த்தோம்?

இங்கே பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் இருக்கிறது, 1937இல் தொடங்கியது. மூலிகைக்குத் தனிப் பாத்திகள் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். இலையுதிர் காலத்தில் க்ருயேர் பக்கம் போனால் புல்வெளியில் இலையே இல்லாமல் ஊதாப் பூக்கள் முளைத்து நிற்கும், கொல்ச்சிக்கம். நம் கார்த்திகைப் பூவின் குடும்பம்தான் அது. இரண்டிலும் ஒரே விஷம், கொல்ச்சிசின். இரண்டிலிருந்தும் எடுப்பது மூட்டுவீக்கத்துக்கான அதே மருந்து. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தொட விடாதீர்கள்.

நேரமாகிவிட்டது. மீதியைக் கேள்வி நேரத்தில் பேசலாம்.