கேல்: மனநோயாளிகளை வீட்டோடு வைத்துக்கொண்ட ஊர்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மாகாணத்திலுள்ள கேல் என்ற சிறு நகரத்தில், மனநோயாளிகளையும் அறிவுவளர்ச்சி குன்றியவர்களையும் குடும்பங்கள் தம் வீட்டில் தங்கவைத்துப் பராமரிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது. அந்தக் குடும்பத்தினர் நோயாளியின் உறவினர் அல்லர். மருத்துவப் பயிற்சி பெற்றவர்களும் அல்லர்.

வழக்கத்தின் வேர் ஒரு புனிதையின் கதையில் இருக்கிறது. மனைவியை இழந்து புத்தி பேதலித்த அயர்லாந்து அரசன் ஒருவன், பெற்ற மகளையே மணக்க முற்பட்டான். மகள் டிம்ஃப்னா கேலுக்குத் தப்பி வந்தாள். தேடி வந்த தகப்பன் அங்கேயே அவள் தலையை வெட்டினான் என்பது கதை. இதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. நம்பிக்கைக்கு அது தேவைப்படவும் இல்லை. சித்தம் கலங்கியவர்களின் காவலராக டிம்ஃப்னா வணங்கப்பட்டார். 1349இல் அவர் பெயரில் தேவாலயம் எழத் தொடங்கியது. நோயாளிகள் தேவாலயத்தை ஒட்டிய அறையில் ஒன்பது நாள் தங்கி, புனிதையின் பேழைக்கு அடியில் தவழ்ந்து வேண்டிக்கொண்டார்கள். அறை நிரம்பியபோது அக்கம்பக்கத்து வீடுகளில் தங்கினார்கள். குணமாகாத சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இதை வெறும் கருணை என்று சொல்லிவிட முடியாது. அந்த வட்டாரம் விளைச்சல் குறைந்த மணற்பாங்கான பூமி. நோயாளிக்காக வந்த பணமும், வயலில் கூடுதலாகக் கிடைத்த ஆள்பலமும் குடியானவர்களுக்குப் பெரிய உதவி. பக்தி தொடங்கிவைத்ததைப் பிழைப்பு தாங்கிப் பிடித்தது என்பதே பொருத்தம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலய வழிபாடு தடைப்பட்டபோதும் வழக்கம் நிற்கவில்லை. 1803இல் பிரஸ்ஸல்ஸ் நிர்வாகம் தன் மனநோயாளிகளைக் கேலுக்கு அனுப்பிவைத்தது.

நோயாளிகள் எல்லாரும் அன்று கட்டின்றி நடமாடினார்கள் என்பதும் சரியல்ல. 1821இல் இங்கே வந்த பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல், சிலருக்குக் காலில் விலங்கு இருந்ததையும் கண்டார். பெல்ஜிய மருத்துவர் கிஸ்லேன் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் குறைகூறினார். மனநோயாளிகள் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பொறுப்பு அரசின் கைக்கு வந்தது. 1862இல் மருத்துவமனை எழுந்தது. புதிதாக வருபவரை முதலில் அங்கே வைத்துக் கவனித்து, பிறகு ஏற்ற குடும்பத்தில் சேர்த்தார்கள். பின்னாளில் ஊரின் பல பகுதிகளில் குளியல் கூடங்கள் கட்டப்பட்டன. குளிக்க வருபவரின் உடம்பைச் செவிலியர் பார்ப்பதால், வீட்டில் சரியாகக் கவனிக்கப்படுகிறாரா என்பது தானாகவே தெரிந்துவிடும். கண்காணிக்கிறோம் என்று சொல்லாமல் கண்காணிக்க இதைவிட நல்ல ஏற்பாடு அந்தக் காலத்தில் அரிது.

வீட்டுக்காரர்களிடம் நோயின் பெயர் சொல்லப்படுவதில்லை. நோயாளியின் பழக்கம், பிடித்தது, பிடிக்காதது தெரிந்தால் போதும். ஒரு வீட்டில் இருந்தவர் தினமும் தன் சட்டைப் பொத்தான்களைத் திருகிப் பிய்த்துப் போடுவார். வீட்டம்மா ஒவ்வொரு இரவும் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர், மீன்பிடி நரம்பால் தைத்தால் அறுந்துபோகாதே என்று யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம், பொத்தானைத் திருகுவது அவருக்குத் தேவை என்று வீட்டம்மா மறுத்துவிட்டார்.

தனி அறை, குடும்பத்தோடு சாப்பாடு, முடிந்தால் ஏதாவது வேலை, விரும்பினால் கடைத்தெரு. வெளியே போனவரை ஊரே அறியும் என்பதால் பூட்டு தேவைப்படவில்லை. ஓவியர் வான்கோவைக் கேலுக்கு அனுப்ப 1880இல் அவர் தந்தை எண்ணியதுண்டு, அது நடக்கவில்லை.

1938இல் இங்கே தங்கியிருந்தோர் 3,700க்கும் மேல். அதன் பின் எண்ணிக்கை சரிந்தது. விவசாயம் சுருங்கியது, பெண்கள் வெளிவேலைக்குப் போனார்கள், புதிய மருந்துகளால் பலர் தனியே வாழ முடிந்தது. அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 200 பேரே இப்படி வாழ்கிறார்கள். குடும்பங்களுக்கு அரசு நாள்படி தருகிறது, அது சொற்பமே. 2023இல் யுனெஸ்கோ இவ்வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பின் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.