பட்டறைக் காது

அம்பத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர்மீது அவர் வீட்டிலேயே ஒரு புகார் உண்டு. மகன் கூப்பிட்டால் திரும்புவார், ஆறு வயதுப் பேத்தி "தாத்தா, தாத்தா!" என்று கூவினால் திரும்பமாட்டார். "பெண் குழந்தை என்று இளப்பம்" என்று மருமகள் கண்ணைக் கசக்கினாள். கடைசியில் அவரைக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அங்கே காத்திருந்தவர்களைப் பார்த்தபோதுதான் இந்த வைத்தியரின் ராஜ்யம் எவ்வளவு பெரிது என்று புரிந்தது. சீழ் வடியும் காது, அடைத்த மூக்கு, வீங்கிய டான்சில், கம்மிய குரல், தலைசுற்றல்கூட அவர் எல்லைக்குள்தான். மூன்று உறுப்புக்கும் ஒரே வைத்தியரா என்று கேட்கலாம். மூக்குக்குப் பின்னே, தொண்டையின் மேற்புறத்திலிருந்து காதுக்குள் ஒரு சிறு குழாய் போகிறது. ஒன்றின் நோய் மற்றொன்றுக்குப் போக அதுவே வழி.

வைத்தியர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அழுக்கு இல்லை. பிறகு இசைக்கவையைத் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்தார். அப்புறம் காதருகே பிடித்தார். ஜெர்மானிய வைத்தியர் ரின்னெ 1855-இல் சொல்லிவைத்த சோதனை இது. எலும்பின் வழியே நன்றாகக் கேட்டால், ஒலி வரும் பாதையில் தடை. அதைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். காற்றின் வழியே கேட்பதே தேவலை, ஆனால் அதுவும் மங்கல் என்றால், கோளாறு உட்காதில்.

"என்ன வேலை பார்த்தீர்கள்?"

"தகடு அடிக்கிற பட்டறைங்க. முப்பத்தைந்து வருஷம்."

வைத்தியர் தலையை ஆட்டினார்.

இது பழைய வியாதி. வெனிஸ் நகரில் செம்பு கொட்டுகிறவர்கள் செவிடாவதை இத்தாலிய வைத்தியர் ராமத்ஸினி 1713-இல் எழுதினார். 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது வைத்தியர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். அவருடைய கருவி, டிக்டிக்கென்று அடிக்கும் ஒரு கடிகாரம். நூறு பேரில் ஒருவருக்காவது சரியான காது இல்லை.

எங்கள் பக்கத்திலோ 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965-இல் ஆவடியில் முதல் விஜயந்தா டாங்கி உருண்டது. ஏரியும் வயலுமாக இருந்த சீமைக்குச் சம்பளம் வந்தது. கூடவே சத்தமும் வந்தது. தொழிற்சாலைச் சட்டத்தை 1987-இல் திருத்தியபோது, அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவிடும் இடம்பெற்றிருந்தது.

உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் அறை. அதற்குள் மயிர் நுனிகொண்ட நுண்ணிய அணுக்கள் நாற்றுப்போல் வரிசையாக நிற்கின்றன. ஓயாத இரைச்சல் அவற்றைச் சாய்த்துவிடுகிறது. நாற்று என்றால் மறுபடி நடலாம். இவை மறுபடி முளைப்பதில்லை. அதிலும் முதலில் சாய்பவை கீச்சுக்குரலைக் கேட்பவை. ஆகவே மகனின் கனத்த குரல் கேட்கிறது. பேத்தியின் குரல் கேட்பதில்லை.

"கருவி வைத்துக்கொண்டால் ஓரளவு கேட்கும். போன காதைக் கொண்டுவர என்னால் ஆகாது. பட்டறையில் காதை மூடிக்கொண்டிருக்க வேண்டும்" என்றார் வைத்தியர்.

வரும் வழியில் பெரியவர் சொன்னார்: "பஞ்சு வைத்துப் பார்த்தேன், தம்பி. கூட இருந்தவன்கள் சிரித்தான்கள். எடுத்துவிட்டேன்."

மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. இப்பொழுதெல்லாம் பேத்தி தூர நின்று கூவுவதில்லை. முழங்காலைத் தொட்டு, தாத்தா திரும்பிய பிறகே பேசுகிறாள்.